மியூசியம் வாசலில் ஒரு சண்டை

கேள்வி: நாங்கள் கல்லூரித் தோழிகள் நான்கு பேர். 20 வருட நட்பு. பேசிப் பேசியே பல வருடம் போய், கடைசியில் சென்ற ஆண்டு 14 மணி நேரம் பறந்து ஒரு நாட்டுக்கு 12 நாள் சுற்றுலா போனோம். நம் ஊருக்குக் கிழக்கே, சுமார் 8 மணி நேர வித்தியாசம். நானும் ஒரு தோழியும் ஒரே அறை. அவள் ராத்திரி 3 மணி வரை விளக்கைப் போட்டுக்கொண்டு போன் பார்ப்பாள். காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டாள். மூன்றாம் நாள் காலை 10 மணிக்கு மியூசியம் வாசலில் உட்கார்ந்துவிட்டு, "நான் உள்ளே வரவில்லை" என்றாள். "உன்னால்தான் எல்லோருக்கும் எல்லாம் கெடுகிறது" என்று கத்திவிட்டேன். அதன் பிறகு ஒப்புக்குத்தான் பேசினோம். ஊர் திரும்பியதும் அதுவும் நின்றுவிட்டது. ஹோட்டல் செலவெல்லாம் என் கார்டில் போனது. கணக்குத் தீர மூன்று மாதம் ஆயிற்று, அதிலும் எனக்குத்தான் நஷ்டம். கடைசி இரவு நால்வரும் மழையில் வழி தெரியாமல் சிரித்துக்கொண்டே நடந்தது மட்டும் மறக்கவில்லை. இப்போது மற்ற இருவரும் அடுத்த வருடம் மறுபடி போகலாம் என்கிறார்கள். போகலாமா? இல்லை, இந்த நட்பு இவ்வளவுதான் என்று விட்டுவிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது என் கண் போய் நின்ற இடம் அந்தக் "காலை 10 மணி". சண்டை யார் மீது, எதற்கு என்பதெல்லாம் அப்புறம்தான்.

8 மணி நேரம் கிழக்கே போயிருக்கிறீர்கள். அங்கே காலை 10 என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி 2 மணி. உடம்பின் கடிகாரம் கிழக்கே போகும்போது ஒரு நாளைக்குச் சுமாராக ஒரு மணி நேரம்தான் நகர்ந்துகொடுக்கும். ஆக மூன்றாம் நாள் உங்கள் தோழியின் உடம்பில் மணி விடிகாலை 4. அந்த நேரத்தில் ஒருவரை எழுப்பி, நடக்க வைத்து, வரிசையில் நிறுத்தி, பழைய சிற்பங்களைப் பார் என்றால் யார்தான் பார்ப்பார்கள்? ராத்திரி 3 மணி வரை விளக்கு எரிந்த கதையும் இதேதான். முதல் இரவு அது அவருக்கு மாலை 7 மணி. தூங்காததற்கு அவரைத் திட்டுவது, மாலை 7 மணிக்கு ஒருவரைப் படுக்கச் சொல்லித் திட்டுவது போல.

"எனக்கும் அதே 8 மணி நேரம்தானே, நான் எழுந்தேனே" என்பீர்கள். நீங்கள் வீட்டிலேயே சீக்கிரம் எழுகிற ரகமாக இருக்கும். இது ஆளுக்கு ஆள் மாறுகிற விஷயம். மூளையின் அடியில், இரு கண்களின் நரம்புகளும் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, பல ஆயிரம் நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்துதான் இந்தக் கடிகாரத்தை ஓட்டுகிறது. தன் போக்கில் விட்டால் பெரும்பாலானவர்களுக்கு அது 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும். அதனால் நாளை நீட்டிக்கொள்வது உடம்புக்குச் சுலபம், சுருக்கிக்கொள்வது கஷ்டம். மேற்கே போனால் நாள் நீளும், கிழக்கே போனால் சுருங்கும். நீங்கள் போனது கஷ்டமான திசை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போன இடத்தில் காலை வெயிலில் நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். 8 மணி நேரம் கிழக்கே போனவருக்கு முதல் நாள் காலை வெயில் கெடுதல்தான். அந்த நேரத்தில் உடம்புக்கு இன்னும் நடுராத்திரி. நடுராத்திரியில் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதாவது வேண்டாத திசைக்கு. முதல் நாள் மதியம் வரை கறுப்புக் கண்ணாடியோ திரை போட்ட அறையோ நல்லது. மதியத்துக்கு மேல் வெளியே போய் வெளிச்சத்தில் நடக்க வேண்டும். அடுத்தடுத்த நாள் வெளியே போகும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னே கொண்டுவரலாம். அதாவது உங்கள் தோழி அறையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தது, தெரியாமல் செய்தாலும், சரியான வைத்தியம்.

விமானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்றது. ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. உதடு வெடிக்கும், தலை கனக்கும். 14 மணி நேரம் அப்படி உட்கார்ந்துவிட்டு இறங்கும் நான்கு பேரிடம் முதல் மூன்று நாள் நல்ல குணத்தை எதிர்பார்ப்பது பேராசை. (போகிற போக்கில் ஒன்று: 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. இரண்டு மடங்கானாலும் சிறிய ஆபத்துதான். ஆனாலும் எழுந்து நடந்துகொண்டிருங்கள். ஏற்கெனவே அப்படிப்பட்ட தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.)

இப்போது அந்தக் கடைசி இரவுக்கு வருகிறேன். ஒரே வரியில் எழுதித் தாண்டிப் போயிருக்கிறீர்கள். 8 மணி நேர வித்தியாசத்துக்கு உடம்பு பழக எட்டு நாள், முன்னே பின்னே ஆகும். மழையில் வழி தெரியாமல் சிரித்தீர்களே, அது 12-ஆம் நாள். நான்கு பேருடைய உடம்பும் ஒரே ஊருக்கு வந்து சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது. "நால்வரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நால்வரில் அவரும் இருந்தார்.

சரி, கடிகாரத்தின் மீதே எல்லாப் பழியையும் போட்டு உங்களைத் தப்பவிட முடியாது. மியூசியம் வாசல் கோபம் தூக்கமின்மையால் வந்தது. ஊர் திரும்பிய பிறகு வந்த மௌனம் அப்படி வந்ததில்லை. "உன்னால்தான் எல்லோருக்கும்" என்று மற்ற இருவர் முன்னால் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் எரிச்சலை நான்கு பேருடைய தீர்ப்பாக மாற்றிவிட்டீர்கள். அவருக்கு வலித்தது அந்த "எல்லோருக்கும்" என்ற சொல்லாகத்தான் இருக்கும். "எனக்கு எரிச்சலாக இருந்தது" என்று மட்டும் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே தீர்ந்திருக்கலாம்.

என் கதை ஒன்று. பல வருடம் முன்பு, நானும் ஒரு சிநேகிதியும் இதே மாதிரி நெடுந்தூரம் போனபோது என் பெட்டி மட்டும் வரவில்லை. நான்கு நாள் அவளுடைய சட்டைகளைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னை விட ஒரு சாண் உயரம், கை மடித்து மடித்துப் போட்டேன். அதே சிநேகிதியோடு ஆறாம் நாள், எந்த ரயில் என்பதற்கு, ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தேன். சட்டை அவளுடையதுதான், கழற்றிக் கொடுக்கவும் முடியாது! (பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே புகார் பதிந்து ரசீது வாங்குங்கள். 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கோர வேண்டும். சேதமான பெட்டிக்கு 7 நாள்தான்.)

பண விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். மூன்று மாதம் இழுத்தது தப்பு. ஆனால் நஷ்டம் எங்கே வந்தது என்று பாருங்கள். வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது மெஷின் "உங்கள் நாட்டுப் பணத்திலா, இந்த நாட்டுப் பணத்திலா" என்று கேட்கும். நம் பணம் என்றால் புரியும் என்று அதை அமுக்கினால், மாற்று விலையை அங்கேயே ஏற்றி வைத்துவிடுவார்கள். எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் உங்கள் வங்கியும் வெளிநாட்டுச் செலவுக்கென்று ஒரு கட்டணம் போட்டிருக்கலாம். தோழிகள் இணையத்தில் அன்றைய விலையைப் பார்த்துக் கணக்குப் போட்டுத் திருப்பித் தந்திருப்பார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, உங்கள் ஸ்டேட்மெண்டில் இருந்த தொகையை அவர்கள் பார்க்கவே இல்லை. அடுத்த முறை கிளம்பும் முன்பே நால்வரும் சம தொகை போட்டு ஒரு பொதுப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். அது தீர்ந்தால் மறுபடி எல்லோரும் போட வேண்டும். கார்டில் போகிற பெரிய செலவுக்கு ஸ்டேட்மெண்டில் வரும் தொகைதான் கணக்கு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். தோழிகளுக்குள் பணம் பேசுவது கூச்சமாகத்தான் இருக்கும். கிளம்பும் முன் பத்து நிமிடக் கூச்சம், திரும்பி வந்து மூன்று மாதக் கசப்பை விட எவ்வளவோ மேல்.

போகலாமா என்று கேட்டீர்கள். போகலாம், ஆனால் இந்த மாதிரி இல்லை. முதல் இரண்டு நாள் டிக்கெட் வாங்க வேண்டிய எதையும் வைக்காதீர்கள். விமானம் காலையில் இறங்கி, ஹோட்டல் அறை பிற்பகல் 2 மணிக்குத்தான் என்றால், முந்தின இரவுக்கும் சேர்த்து அறை எடுங்கள். அந்தச் செலவு வீண் இல்லை. 12 நாளும் நான்கு பேரும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று யார் சொன்னது? மியூசியம் வேண்டுபவர் மியூசியம் போகட்டும், உட்கார வேண்டுபவர் உட்காரட்டும், ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சேர்ந்தால் போதும். அப்போதுதான் பேசவும் விஷயம் இருக்கும். அப்புறம், உங்களுக்கும் அவருக்கும் தனித்தனி அறை. இதில் சமரசமே வேண்டாம்.

ஆனால் மற்ற இருவருக்கும் "சரி" சொல்லும் முன், குழுவில் இல்லாமல், அவரைத் தனியாகக் கூப்பிடுங்கள். மியூசியத்தில் அவர் செய்தது சரியா என்ற வாதத்துக்குள் போக வேண்டாம். "அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்பது போதும். அவர் வர மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள், வெளிநாட்டுக்குப் போகாமலும் தோழியாக இருக்கலாம். வருகிறேன் என்றால், டிக்கெட் போடும் முன் இருவரும் பாஸ்போர்ட்டை எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். பல நாடுகள் இன்னும் ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும் என்று கேட்கும்.