ஆபரேஷனுக்கு 24,000 ராண்ட்: பென்ஷன் பணத்தில் கை வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன், வயது 44. சொந்த வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். டீசல், வேன் தவணை எல்லாம் போக மாதம் 11,000 ராண்ட் நிற்கும். நான்கு வருடமாகச் சர்க்கரை நோய். இப்போது ஆணுறுப்பின் முன்தோல் இறுகி அடிக்கடி புண்ணாகிறது. அதை ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவதே நல்லது என்கிறார் டாக்டர். தனியார் டே கிளினிக்கில் எல்லாம் சேர்த்து 24,000 ராண்ட் கேட்கிறார்கள். மெடிக்கல் எய்ட் (மாதச் சந்தா கட்டும் மருத்துவக் காப்பீடு) கிடையாது. பழைய ஃபேக்டரி வேலையின் பென்ஷன் கணக்கில், எடுக்கக்கூடிய சேமிப்புப் பகுதியில் 25,000 இருக்கிறது. அதை எடுக்கட்டுமா, மச்சான் சொல்லும் ஆளிடம் கடன் வாங்கட்டுமா, இல்லை இப்போதே மெடிக்கல் எய்டில் சேரட்டுமா? மனைவியைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது.

பதில்: மூன்றுமே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

மெடிக்கல் எய்டை முதலில் முடித்துவிடுவோம். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 12 மாதம் வரை பணம் தராமல் காத்திருக்க வைக்க அவர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு மேல், 35 வயது தாண்டி முதல் முறையாகச் சேர்பவரிடம் தாமதக் கட்டணம் வாங்கலாம். உங்கள் வயதுக்கு அது சந்தாவில் 25 சதவீதம் கூடுதல், அதுவும் நீங்கள் சேர்ந்திருக்கும் காலம் முழுக்க. குடும்பத்துக்கு மெடிக்கல் எய்ட் தேவையா என்பது நல்ல கேள்விதான், ஆனால் இந்த ஒரு ஆபரேஷனுக்காகக் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. சர்க்கரையை மறைத்துச் சேரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் உறுப்பினர் பதவியே போய்விடும்.

ஏற்கெனவே மெடிக்கல் எய்ட் வைத்திருக்கும் வாசகர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. டாக்டர் எழுதும் நோய்க்குறியீட்டைப் பாருங்கள். முன்தோல் இறுக்கத்துக்கு என் 47. சடங்குக்காகவோ விருப்பத்தின் பேரிலோ செய்வதற்கு இசட் 41.2. கத்தி ஒன்றுதான், ஆனால் முன்னது நோய், பின்னது உங்கள் சொந்த விருப்பம் என்று கணக்கில் ஏறும். முன் அனுமதி கேட்கும்போதே மயக்க மருந்து டாக்டரின் கட்டணத்தையும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த பில் எப்போதும் பின்னால்தான் வரும்.

மச்சான் சொல்லும் ஆள் மஷோனிசாவாக, அதாவது பதிவில்லாத வட்டிக்காரராக இருந்தால், உங்கள் பேங்க் கார்டை வாங்கி வைத்துக்கொள்வார். அது சட்டவிரோதம். பதிவு பெற்ற இடத்திலேயே வாங்கினாலும், அடமானம் இல்லாத கடனுக்கு ரிப்போ விகிதத்துக்கு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குப் போடும் வட்டி) மேல் 21 சதவீதம் வரை வட்டி போடச் சட்டம் விடுகிறது. வேன் தவணை ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அது ஆகாது.

சரி, பென்ஷன். செப்டம்பர் 2024 முதல் இந்தச் சேமிப்புப் பகுதியில் வருடத்துக்கு ஒரு முறை எடுக்கலாம் என்று ஆனதும், என்னிடம் வருகிற பாதிப் பேருக்கு அது பேங்க் மெஷின் மாதிரித் தெரிகிறது. 25,000 எடுத்தால் 25,000 கைக்கு வராது. அது அந்த வருடத்து வருமானமாகச் சேரும். உங்கள் வருமானத்துக்கு வரி 18 சதவீதம், அதாவது 4,500 போய்விடும். மீதி 20,500, அதிலும் நிர்வாகக் கட்டணம் கழிப்பார்கள். கிளினிக் கேட்கும் 24,000-க்கே அது எட்டாது! தொடாமல் விட்டால், விலைவாசிக்கு மேல் வருடம் 4 சதவீதம் வளர்ந்தாலும் உங்கள் 61 வயதில் அது இன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 48,700 ராண்ட்.

அப்படியானால் பணத்துக்கு எங்கே போவது? முதலில், அவ்வளவு பணம் தேவையே இல்லை.

மெடிக்கல் எய்ட் இல்லாதவர்களுக்கு அரசு கிளினிக்கில் பார்ப்பது இலவசம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போகலாம். சாட்ஸ்வர்த்காரருக்கு ஆர்.கே.கான் அரசு மருத்துவமனைக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை. கடிதம் இல்லாமல் நேரே போய் ஒரு நாளை வீணாக்காதீர்கள். அங்கே கட்டணம் வருமானத்தைப் பார்த்துப் போடுவார்கள், அதனால் மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்டைக் கையோடு எடுத்துப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்புக்காக 2010 முதல் அரசு இலவசமாகச் செய்துவரும் முன்தோல் நீக்கத் திட்டமும் இருக்கிறது. ஜோஹானஸ்பர்க் பக்கத்து ஆரஞ்ச் ஃபார்மில் நடந்த ஆய்வு, பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவதை இது சுமார் 60 சதவீதம் குறைப்பதாக 2005-ல் காட்டியது. கென்யாவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வுகளும் அதையே சொல்ல, அதன் பிறகு வந்ததுதான் இந்தத் திட்டம். ஆனால் அது ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கானது. புண்ணும் கட்டுப்படாத சர்க்கரையும் இருந்தால் அங்கே செய்யாமல் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் நீங்கள் கிளினிக் வழியாகவே போங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அரசு மருத்துவமனையில் தேதி உங்கள் கையில் இல்லை. உங்களுக்கோ நாள்தான் பணம். சொந்தத் தொழில்காரருக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு கிடையாது, யூ.ஐ.எஃப். என்கிற வேலையின்மைக் காப்பீட்டு நிதிப் பணமும் வராது. மருத்துவமனையில் தங்கும் நாளுக்கு இவ்வளவு என்று பணம் தரும் ஹாஸ்பிட்டல் கேஷ் பாலிசி ஏதாவது வைத்திருந்தாலும் காலையில் போய் மாலையில் திரும்பும் ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் தர மாட்டார்கள்.

ஆனால் உங்கள் தொழிலில் ஒரு வசதி இருக்கிறது: பள்ளி விடுமுறை. ஜூன் கடைசியில் தொடங்கும் குளிர்கால விடுமுறை மூன்று வாரத்துக்கு மேல் வரும். உங்கள் கடிதம் வந்திருப்பது மார்ச்சில். ஹெச்பிஏ1சி என்கிற இரத்தப் பரிசோதனை காட்டுவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை. இன்றைக்குச் சோற்றைக் குறைக்க ஆரம்பித்தால் ஜூன் பரிசோதனையில் அது தெரியும். சர்க்கரை இறங்காமல் கத்தி வைத்தால் காயம் ஆறாது, சீழ் வைக்கும், பிறகுதான் உண்மையான செலவு தொடங்கும். தேதி கேட்கும்போது ஜூலையில் கிடைக்குமா என்று கேளுங்கள். டிசம்பர் விடுமுறை இன்னும் நீளம்தான், ஆனால் நீங்கள் தைப்பூசக் காவடி எடுப்பவராக இருந்தால் ஆறும் காலம் அதோடு முட்டும். ஆடியில் அம்மனுக்குக் கூழ் காய்ச்சும்போது அண்டாவை வேறு யாராவது தூக்கட்டும்.

ஜூலையில் கிடைக்காமல் பள்ளி நடக்கும்போது தேதி வந்தால்? பி.டி.பி. உரிமம் (பயணிகளை ஏற்றி ஓட்டுவதற்கான தொழில்முறை அனுமதி) உள்ள மாற்று டிரைவரைப் போடுங்கள். நாளுக்கு 450 ராண்ட் என்று வைத்தாலும் 15 பள்ளி நாளுக்கு 6,750. பஞ்சு, கட்டுத்துணி, வலி மாத்திரை, தளர்வான உள்ளாடை எல்லாவற்றுக்கும் 500. தனியாரில் 24,000 கட்டினால் உங்கள் வருமானத்தின் 7.5 சதவீதத்துக்கு, அதாவது 9,900-க்கு மேல் போன செலவில் கால்வாசி, 3,525 ராண்ட், வரியில் கழியும். அப்படியும் நிகரச் செலவு 20,475. மாற்று டிரைவர் வைத்து அரசு மருத்துவமனையில் செய்வது அதில் பாதிகூட இல்லை. ஆக, இன்று முதல் மாதம் 1,800 வீதம் நான்கு மாதம் எடுத்து வையுங்கள். மொத்தம் 7,200, கடன் இல்லாமல் கிட்டத்தட்ட எல்லாம் அடங்கிவிடும்.

15 நாள் எதற்கு, ஒரு வாரம் ஓய்வு போதும் என்பார்களே என்று கேட்பீர்கள். மேசை வேலைக்காரருக்கு ஒரு வாரம் போதும். நீங்கள் காலையிலும் மாலையிலும் வேனில் குலுங்க உட்காருபவர், சர்க்கரைக்காரர் வேறு. எனக்குத் தெரிந்த பேக்கி (சிறு சரக்கு வண்டி) டிரைவர் ஒருவர் ஐந்தாம் நாளே ஸ்டியரிங் பிடித்தார். தையல் பிரிந்து இன்னும் மூன்று வாரம் வீட்டில் கிடந்தார். அவர் மிச்சப்படுத்த நினைத்தது நான்கு நாள் கூலி.

மருத்துவம் என் துறை இல்லை, ஆனால் டாக்டரிடம் கேட்கக் காசு தேவைப்படாத இரண்டு கேள்விகள் உண்டு. ஸ்டீராய்டு களிம்பு போட்டுப் பார்க்க முடியுமா என்பது ஒன்று, சிலருக்கு அதிலேயே தோல் தளர்ந்துவிடுகிறது. நீங்கள் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகையா என்பது மற்றொன்று. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் அந்த வகை, அந்த இடத்தில் பூஞ்சைப் புண்ணை உண்டாக்கலாம். கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். இரத்தம் இளகும் மாத்திரை எதுவும் எடுத்தால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பின்னே இழுத்த தோல் முன்னே வராமல் சிக்கி வீங்கினாலோ, சிறுநீரே வராமல் போனாலோ இந்தக் கணக்கெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இரத்தம் நிற்காவிட்டாலும், காய்ச்சலோ சீழோ கண்டாலும் அப்படியே.

வீட்டுக்கு வந்ததும் வேட்டிதான் சௌகரியம். தாம்பத்தியம் ஆறு வாரம் கிடையாது. உங்கள் மனைவிக்கு விஷயம் தெரியும் என்பதால் பாதி சிரமம் குறைந்தது. அம்மாவுக்கு 'சுன்னத்' என்ற வார்த்தையே அதிர்ச்சியாக இருக்கும் என்றால் ஹெர்னியா என்று சொல்லிக்கொள்ளுங்கள், நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். கேஸ் சிலிண்டரைத் தூக்கச் சொல்லவும் மாட்டார்கள். பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேறு டிரைவர் வருவார் என்று ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள். காரணம் கேட்க மாட்டார்கள், டிரைவரின் பெயரையும் போன் நம்பரையும்தான் கேட்பார்கள்.