ஐந்து மணிக்குப் பிறகும் இருப்பவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கோவையில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மே மாதத்திலிருந்து அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரில் மகள் வீட்டில் இருக்கிறேன். வீடு என்பது நகர மையத்தில், முன்பு அலுவலகமாக இருந்த ஓர் உயரக் கட்டடத்தின் பதினொன்றாவது மாடி.

நீங்களும் இதே ஊர்தான் என்று மகள் சொன்னாள். பழைய கட்டுரை ஒன்றில் "டவுன்டவுனுக்கு உயிர் திரும்புகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உயிரைத் தேடி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மெயின் ஸ்ட்ரீட்டில் ஆற்றுப் பாலத்திலிருந்து கிழக்கே நடந்தேன். எதிரே வந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் நாயோடு வந்தார், அதையும் சேர்த்தால் ஐந்து. திரும்பிய இடமெல்லாம் கார் நிறுத்தம். ஒரு பாக்கெட் பால் வாங்கக் கடை கண்ணில் படவில்லை.

மாப்பிள்ளை ஒரு தெருவைக் காட்டி, இது பள்ளத்தில் ஓடிய நெடுஞ்சாலை, மண் கொட்டி மூடிவிட்டு மேலே வீடு கட்டிவிட்டார்கள் என்றார். நம் ஊரில் குளத்தை மூடி பஸ் ஸ்டாண்டு கட்டுவோம். சாலையை மூடி வீடு கட்டுவதை இப்போதுதான் பார்க்கிறேன். போட்ட சாலையை எதற்கு மூட வேண்டும்?

கடைசியாக ஒரு சொந்த விஷயம். பேத்திக்கு மூன்று வயது ஆகப்போகிறது. மகள் புறநகரான பிட்ஸ்ஃபோர்டில் வீடு பார்க்கலாம் என்கிறாள். மாப்பிள்ளை, வேலைக்கு நடந்தே போகிறேன், இங்கேயே இருக்கலாம் என்கிறார். என்னை நடுவர் ஆக்கியிருக்கிறார்கள். நீங்கள் யார் பக்கம்?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள ஐயா,

நாயைக் கணக்கில் சேர்த்தது சரி. இங்கே பலர் மாடியிலிருந்து இறங்கி நடப்பதே நாய்க்காகத்தான். பனிக்காலத்தில் அது இன்னும் நன்றாகத் தெரியும்.

குளத்திலிருந்தே தொடங்குகிறேன். இந்த ஊரும் முதலில் மூடியது தண்ணீரைத்தான். ஜெனசி ஆற்றின் அருவி மாவு ஆலைகளைச் சுழற்றியது. 1820களில் வந்த ஈரி கால்வாய் அந்த மாவைப் படகில் நியூயார்க் பக்கம் கொண்டுபோனது. "மாவு நகரம்" என்று ஊருக்குப் பெயர். கால்வாய் ஆற்றைக் கடக்க 1842இல் கல்லில் ஒரு தொட்டிப்பாலம் கட்டினார்கள். முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் கால்வாயை ஊருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். காய்ந்துபோன படுகையில் தண்டவாளம் போட்டு 1927இல் சுரங்க ரயில் விட்டார்கள். தொட்டிப்பாலத்தில் கீழே ரயில், மேலே பிராட் ஸ்ட்ரீட். நீங்கள் அதன்மேல் நடந்திருப்பீர்கள், கீழே ஒரு ரயில் பாதை செத்துக் கிடப்பது தெரிந்திருக்காது. 1956இல் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள். படுகையின் கிழக்குப் பகுதியில் இன்று 490ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது. தண்ணீர் ஓடிய பள்ளத்தில் ரயில் ஓடியது, ரயில் ஓடிய பள்ளத்தில் கார் ஓடுகிறது.

ரயிலை நிறுத்திய அதே ஆண்டுகளில் நகர மையத்தைச் சுற்றி வேறொரு பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதுதான் இன்னர் லூப் என்ற வளைய நெடுஞ்சாலை. 1950களில் தொடங்கி 1965இல் முடிந்தது. பெரும்பகுதி தெருமட்டத்துக்குக் கீழே. இருபக்கமும் ஓடும் பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் பன்னிரண்டு தட அகலம். இவ்வளவு பெரிய வசதி யாருக்கு? காலையில் புறநகரிலிருந்து காரில் வந்து, மாலை ஐந்து மணிக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கு. ஊருக்குள் வசித்தவர்களுக்கு அது அகழி. கோட்டைக்கு அகழி வெட்டினால் எதிரி உள்ளே வராமல் இருப்பான். இங்கே பக்கத்துத் தெருக்காரன் நடந்து வருவது நின்றது.

1950இல் ரோச்செஸ்டரின் மக்கள்தொகை 3,32,488. 2020இல் 2,11,328. சாலை மட்டுமே காரணம் என்றால் அது பொய். புறநகர் வீடுகளுக்குச் சுலபமாகக் கிடைத்த கடன், வெள்ளையர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறியது, 1964 ஜூலையில் ஜோசப் அவென்யூவில் வெடித்த கலவரம், கறுப்பர்கள் வாழ்ந்த கிளாரிசா ஸ்ட்ரீட்டைப் "புதுப்பிக்கிறோம்" என்று இடித்தது, எல்லாம் சேர்ந்துதான். ஆனால் போகிறவர்களுக்குப் பாதை போட்டுக் கொடுத்தது சாலைதான்.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் வந்து படிக்கும் ஆர்.ஐ.டி. என்ற ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் ஒரு காலத்தில் டவுன்டவுனில் இருந்தது. இன்னர் லூப் வளாகத்தை ஊடறுத்துப் போகும் என்று வந்தது, இடம் மாறியதற்கு முக்கியமான ஒரு காரணம். 1968இல் புறநகரான ஹென்ரியெட்டாவின் வெட்டவெளிக்குப் போய்விட்டது. அந்த மாணவர்கள் இங்கேயே இருந்திருந்தால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு நாலில் நின்றிருக்காது.

நான் ஐந்து மணிக்காரர்களைக் குறை சொல்லும் தொனியில் எழுதுகிறேன் என்பது எனக்கே தெரிகிறது. 1999இல் வந்தபோது நானும் அவர்களில் ஒருவன்தான். ஹென்ரியெட்டாவில் குடியிருப்பு, டவுன்டவுனில் வேலை. 390ஆம் எண் நெடுஞ்சாலை, அப்புறம் 490, இருபது நிமிடம். "எங்கிருந்து எங்கே போனாலும் இருபது நிமிடம்" என்பது இந்த ஊர்க்காரர்களின் பெருமை. அலுவலகத்துக்குக் கீழேயே கார் நிறுத்தம். லிஃப்ட்டில் ஏறி, லிஃப்ட்டில் இறங்கி, மூன்று வருடம் மெயின் ஸ்ட்ரீட்டில் என் செருப்புப் படவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் மிட்டவுன் பிளாசா. உங்களுக்கு அதைக் காட்ட முடியாது. 1962இல் திறந்தது, அமெரிக்க நகர மையம் ஒன்றில் கட்டிய முதல் மூடிய வணிக வளாகம். விக்டர் க்ரூன் என்ற வியன்னாக்காரர் வடிவமைத்தார். புறநகர் மால்களுக்கு வழிகாட்டியவரே அவர்தான், பின்னாளில் அதற்காகவே மனம் கசந்துபோனார். புறநகர் மால் வாடிக்கையாளரைப் பறிக்கிறதா, அந்த மாலையே ஊருக்குள் கொண்டுவந்து வைப்போம் என்பது கணக்கு. முப்பது வருடம் பலித்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தைகளுக்காகக் கூரையடியில் ஒரு மோனோரயில் ஓடும். நடுவில் "தேசங்களின் கடிகாரம்", குறித்த நேரங்களில் உருளைகள் திறந்து பொம்மைகள் ஆடும். நான் பார்த்தபோது பாதிக் கடைகள் மூடியிருந்தன. பனிக்கு ஒதுங்கிய வயதானவர்கள் கோட்டைக் கழற்றாமல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். 2008இல் மூடினார்கள், பிறகு இடித்தார்கள். ஒரு கோபுரத்தை மட்டும் எலும்புக்கூடாக உரித்து, புதுத்தோல் போர்த்தி, வீடுகளாக்கியிருக்கிறார்கள். இப்போது யோசித்தால் மிட்டவுனிலும் ஒரு கோளாறு இருந்தது: அதன் முகம் உள்பக்கம். கடைகள் உள்ளே திரும்பிக்கொண்டதும் வெளியே தெரு வெறும் சுவர்களைப் பார்த்து நின்றது.

புகைப்படச் சுருள் செய்த கோடாக்கின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1982இல் இந்தப் பகுதியில் மட்டும் அறுபதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். 2012 ஜனவரியில் திவால் மனு. நகல் இயந்திரம் செய்யும் ஜெராக்ஸ் நிறுவனம் 1960களின் இறுதியில் 30 மாடிக் கோபுரம் எழுப்பிவிட்டு, தலைமையகத்தை 1969இல் கனெக்டிகட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது. கோபுரத்தையும் பின்னர் விட்டுவிட்டது. அதற்குமேல் கொரோனா. ஐந்து மணிக்குப் போகிறவர்கள் காலையில் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அறுபது வருடம் யாருக்காக இடித்து, தோண்டி, நிறுத்துமிடம் போட்டதோ, அவர்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். மேசைகள் இருந்த மாடிகளில் கட்டில்கள் வந்துவிட்டன. உங்கள் பதினொன்றாவது மாடி அப்படி வந்ததுதான்.

"உயிர் திரும்புகிறது" என்று நான் எழுதியதை அந்த அர்த்தத்தில் பாருங்கள். இரவில் எரிகிற ஜன்னல்களை எண்ணி எழுதினேன். நீங்கள் தெருவில் ஆட்களை எண்ணியிருக்கிறீர்கள். உங்கள் முறைதான் சரியானது. ஜன்னலுக்குள் படுக்கிறவர் பாலுக்கும் ரொட்டிக்கும் காரை எடுத்தால், அவர் செங்குத்தாக அடுக்கப்பட்ட புறநகர்க்காரர், அவ்வளவுதான். வெக்மன்ஸ் என்ற மளிகைப் பேரங்காடி 1916இல் பிறந்த ஊர் இது. இன்றைக்கு டவுன்டவுனுக்குள் ஒரு வெக்மன்ஸ் கிடையாது. ஈஸ்ட் அவென்யூவில் கிழக்கே போக வேண்டும்.

சாலையை ஏன் மூடினார்கள் என்று கேட்டீர்கள். கிழக்குப் பக்கத் துண்டில் வாகனம் அதிகம் ஓடவில்லை. பாலங்களும் பக்கச் சுவர்களும் பழசாகிப் பெரிய செலவு காத்திருந்தது. யாரும் போகாத பள்ளத்தைப் பழுதுபார்க்கும் பணத்தில் பள்ளத்தையே மூடிவிடலாம் என்றார்கள். 2014இல் தொடங்கி 2017இல் முடித்தார்கள். சுமார் 2.2 கோடி டாலர், பெரும்பகுதி மத்திய அரசின் மானியம். அகழி இருந்த இடத்தில் யூனியன் ஸ்ட்ரீட் இப்போது சாதாரணத் தெருவாக, சைக்கிள் தடத்தோடு ஓடுகிறது. மீண்ட நிலம் ஏறக்குறைய ஆறு ஏக்கர். லாரி லாரியாக மண் கொட்டியதை நான் வேலைக்குப் போகும் வழியில் பார்த்துக்கொண்டே போவேன். ஒருநாள் பாலம் இருந்த இடத்தில் பாலம் இல்லை, தரைதான் இருந்தது. ஒரு கிழவர் அதை இரண்டு முறை குறுக்கே கடந்து, திரும்பி வந்து, மறுபடி கடந்தார்.

எல்லாம் நன்றாக அமைந்தது என்று சொல்லமாட்டேன். நான்கைந்து மாடி அடுக்குவீடுகள் வந்தன, ஒன்றைப்போல் ஒன்று. குழந்தைகளின் விளையாட்டுக்கான அருங்காட்சியகத்தை ஒட்டி ஒரு ஹோட்டலும், கார்களுக்கென்று ஓர் அடுக்குக் கட்டடமும். பழக்கம் எளிதில் போகாது.

அடுத்தது வடக்குப் பகுதி. மாநிலம் 2022இல் அதற்கு 10 கோடி டாலர் ஒதுக்கியது. அங்கேதான் எனக்குக் கவலை. கிழக்கே அகழிக்கு அப்பால் இருந்தவர்கள் வசதியானவர்கள். வடக்கே அப்பால் இருப்பது மார்க்கெட்வியூ ஹைட்ஸ், ஏழைகள் பேட்டை. இந்தச் சாலைக்காக முதலில் வீடிழந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். பள்ளம் மூடப்பட்டதும் வாடகை ஏறினால், சாலையால் ஒருமுறை துரத்தப்பட்டவர்கள் சாலை போனதால் இன்னொருமுறை துரத்தப்படுவார்கள். கூட்டங்களில் அவர்கள் கேட்பது அதைத்தான்: நிலம் யார் கைக்குப் போகும்? வரைபடத்தில் மரங்கள் அழகாக வரையப்பட்டிருக்கின்றன. அந்தக் கேள்விக்கான பதிலை நான் எந்த வரைபடத்திலும் பார்க்கவில்லை.

இனி உங்கள் நடுவர் வேலை. எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை கிடையாது, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2002இல் நகர எல்லைக்குள், பார்க் அவென்யூ பக்கம் குடிவந்தேன். நகரத்தைப் பற்றி நிறையப் பேசினேன். 2006இல் மகளுக்கு ஐந்து வயது ஆனதும் சத்தமில்லாமல் பிரைட்டன் என்ற புறநகருக்குப் போய்விட்டேன். பள்ளிக்காகத்தான். இங்கே பள்ளி மாவட்ட எல்லை என்பது கோட்டைச் சுவர். ஒரு தெரு தாண்டினால் வேறு மாவட்டம், வேறு வரி, வேறு பள்ளி. நகரப் பிள்ளைகள் சிலரைப் புறநகர்ப் பள்ளிகளில் சேர்க்கும் திட்டம் 1965லிருந்தே இருக்கிறது, நாட்டிலேயே பழையது. ஆனாலும் அது சுவரில் ஒரு திட்டிவாசல் மட்டுமே. இன்னர் லூப்பை மண்போட்டு மூடலாம், இந்தச் சுவரை இடிக்க இன்றுவரை யாருக்கும் துணிவு வரவில்லை. எனக்கும் வரவில்லை. 2019இல் மகள் கல்லூரிக்குப் போன பிறகுதான் திரும்பி வந்தேன்.

அதனால் உங்கள் மகளிடம் தவறு காண மாட்டேன். அவசரப்பட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். மூன்று, நான்கு வயதுக்கான நகரத்தின் இலவச மழலை வகுப்புகள் நல்ல பெயர் வாங்கியவை. ஆக, இரண்டு வருடம் கையில் இருக்கிறது. அதற்குள் மாப்பிள்ளை நடந்து போகும் அந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன மதிப்பு என்று ஒரு ஜனவரியில் தெரிந்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 100 அங்குலம் பனி பெய்கிற ஊர். கனமாக விழுந்தால் நடைபாதைகளிலும் நகராட்சியே கலப்பை ஓட்டும். பிட்ஸ்ஃபோர்டில் வீட்டு முன்னால் காரைத் தோண்டி எடுப்பது மாப்பிள்ளையின் வேலை. உயரக் கட்டடத்துக்கும் அதற்கேற்ற தொல்லை உண்டு: போன குளிர்காலம் என் கட்டடத்தில் லிஃப்ட் மூன்று வாரம் ஓடவில்லை, நான் இருப்பது ஒன்பதாவது மாடி.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். பிட்ஸ்ஃபோர்டில் கோயில் பக்கம். ஆனால் பகலில் இருவரும் வேலைக்குப் போனால் நீங்கள் வீட்டுக்காவல். 2021இல் பேருந்துத் தடங்களை மாற்றியபோது புறநகரில் பல இடங்களில் வழக்கமான பேருந்தை எடுத்துவிட்டு, கூப்பிட்டால் வரும் சிறு வண்டி விட்டார்கள். இங்கே ஒரு டாலர் கொடுத்தால் பேருந்தில் ஏறலாம், முக்கியத் தடங்களில் வார நாள் பகலில் அடிக்கடி வரும். மாலையில் இடைவெளி நீண்டுவிடும். பேருந்தும் ஐந்து மணிக்காரர்களைப் பார்த்தே பழகியது.

ஞாயிறு காலையை விடுங்கள். வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உங்கள் கட்டட வாசலுக்கு வருகிறேன். வடக்கு யூனியன் ஸ்ட்ரீட்டில் 1905லிருந்து நடக்கிற பொதுச்சந்தைக்கு நடந்து போவோம். அரை மணி நேரத்துக்குள்தான். வழியில் இன்னர் லூப்பின் மிச்சத்தையும் ரயில் பாதையையும் கடக்க வேண்டும், அந்தப் பாலங்களில் கொஞ்சம் வேகமாக நடந்துவிடலாம். பச்சை மிளகாயும் கொத்தமல்லிக் கட்டும் வெக்மன்ஸ் விலையில் பாதிகூட இராது. பத்து மணிக்கு மேல் நல்ல தக்காளி இருக்காது. துணிப்பை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்களை எண்ணும் வேலை உங்களுடையது.

அன்புடன்.