ஸ்லீவ் வேறு, பைபாஸ் வேறு: எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு என்ன சாப்பிடுவது? கேள்வி பதில்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்லும் டயட்டீஷியன் நான். வந்த கேள்விகளில் பாதிப் பேர் "ஆபரேஷன் ஆச்சு, இதைச் சாப்பிடலாமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். எந்த ஆபரேஷன் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்லவே முடியாது. அப்படிக் கேட்டவர்களுக்கு ஸ்லீவ், பைபாஸ் இரண்டையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மாத்திரை அளவுகள் பொதுவானவை. உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதுதான் உங்களுக்குச் சரி.

திருச்சியிலிருந்து: அக்கா, எனக்குப் போன மாதம் ஸ்லீவ் செய்தார்கள். என் நாத்தனாருக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் பைபாஸ். தன்னுடைய டயட் சார்ட்டை வாட்ஸாப்பில் அனுப்பி, "இதையே ஃபாலோ பண்ணு" என்கிறார். செய்யலாமா?

முதல் ஒன்றரை மாதத்துக்கு இரண்டு சார்ட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். தையல் ஆறுவதற்கான உணவு அது. அதற்குப் பிறகு உங்கள் இருவரின் வழியும் பிரிந்துவிடுகிறது.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குறுகலான குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனைப் பெருமளவு சுரக்கும் மேல்பகுதி போய்விடுவதால் பசியும் குறைகிறது. ஆனால் குடலைத் தொடுவதில்லை. இரைப்பையின் கீழ்வாசலான பைலோரஸ் வால்வும் அப்படியே இருக்கிறது. சாப்பிட்டது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே இறங்கும்.

பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சின்னப் பை மட்டும் உணவுக்கு விடப்படுகிறது. அந்தப் பையைச் சிறுகுடலில் கொஞ்சம் தள்ளி இணைத்துவிடுகிறார்கள். மீதி இரைப்பை, பைலோரஸ் வால்வு, டியோடினம் என்ற சிறுகுடலின் முதல் பகுதி, அதை அடுத்த கொஞ்சம் குடல் எல்லாம் வயிற்றுக்குள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அந்தப் பக்கம் போகாது. இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படுவது அங்கேதான். ஆகவே உங்கள் நாத்தனாருக்கு இனிப்பு விஷயத்தில் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும், மாத்திரைகளும் கூடுதலாக இருக்கலாம். உங்களுக்கு நெஞ்செரிச்சல் வராமல் பார்த்துக்கொள்வது முக்கியம். அவருடைய சார்ட்டில் அது இருக்காது. உங்கள் மருத்துவமனை தந்த சார்ட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து: அடுத்த வாரம் அம்மாவுக்கு ஆபரேஷன். முதல் சில வாரம் நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே சமாளிக்க முடியுமா? எல்லாமே பவுடரா?

முடியும். முதல் ஓரிரு நாள் தெளிந்த திரவம் மட்டும்: வடிகட்டிய ரசம், இளநீர், காய்கறி சூப்பின் தெளிவு. அப்புறம் ஏறக்குறைய இரண்டு வாரம் கெட்டியில்லாத திரவம்: கொழுப்பெடுத்த பால், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், சிக்கன் சூப். மூன்றாவது, நான்காவது வாரம் மசித்தது: குழைய வேகவைத்த பருப்பு, மசித்த முட்டை, தயிர், முள் நீக்கி மசித்த மீன். அதற்குப் பிறகு மென்மையான உணவு. இட்லி, இடியாப்பம் எல்லாம் அந்தக் கட்டத்தில்தான். ஒவ்வொரு மருத்துவமனையும் நாட்களைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லும், அவர்கள் கணக்கையே பின்பற்றுங்கள்.

அரிசிக் கஞ்சியை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். ஆபரேஷன் ஆனவர் என்றதும் வீட்டில் எல்லாரும் பாசமாகக் கஞ்சிதான் வைத்துத் தருவார்கள். வயிற்றில் கால் டம்ளருக்குத்தான் இடம். அந்த இடத்தைக் கஞ்சி பிடித்துக்கொண்டால் புரதத்துக்கு இடமில்லை. இந்த நாட்களில் புரதப் பவுடர் தேவைப்படத்தான் செய்யும். தண்ணீரை நாள் முழுக்கச் சிறு சிறு மடக்காக, ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கப் பழக்குங்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம், சாப்பிட்டு அரை மணி நேரம் போகட்டும்.

கோயம்புத்தூரிலிருந்து: பைபாஸ் செய்து எட்டு மாதம் ஆகிறது. சொந்தக்காரர் கல்யாணத்தில் அரை டம்ளர் பால் பாயசம் குடித்தேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, வேர்த்துக் கொட்டி, வயிற்றைப் பிசைந்து, படுக்க வேண்டியதாகிவிட்டது. ஹார்ட் அட்டாக் என்றே பயந்துவிட்டேன். தையல் பிரிந்திருக்குமா?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டம்பிங் என்று தோன்றுகிறது. தையல் பிரிந்ததற்கான அடையாளம் மாதிரி இல்லை. ஆனாலும் நெஞ்சுவலி இருந்தாலோ, இனிப்பே சாப்பிடாமல் இப்படி வந்தாலோ, உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

உங்களுக்கு உணவு பைலோரஸ் வால்வு வழியாகப் போவதில்லை என்பதால் பாயசம் அப்படியே குடலில் போய் விழுகிறது. அந்தச் சர்க்கரைச் செறிவைக் கரைக்க உடம்பு ரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது, குடல் ஹார்மோன்களும் ஒரேயடியாகச் சுரக்கின்றன. படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் இதனால்தான். பெரும்பாலும் சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் வரும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது தாமதமாக வரும் டம்பிங். சர்க்கரை வேகமாக ஏறியதால் இன்சுலின் அதிகமாகச் சுரந்து, 1 முதல் 3 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுக்கம், மயக்கம், அகோரப் பசி வரும். பைபாஸ் செய்து ஒரு வருடத்துக்குப் பிறகு புதிதாக இது தொடங்குகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் வண்டி ஓட்டும்போது இது வந்தால் ஆபத்து. குளுக்கோமீட்டரில் ஒரு முறை பார்த்து எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். தாழ்ந்திருந்தால் குளுக்கோஸ் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், ஆனால் கூடவே முட்டையோ பனீரோ கொஞ்சம் சாப்பிடுங்கள். இல்லையென்றால் ஏறிய சர்க்கரை மறுபடி விழும்.

வெல்லம், தேன், கருப்பட்டி எதுவானாலும் இதே கதைதான். "நாட்டுச் சர்க்கரைதானே" என்று நினைக்காதீர்கள். பழச்சாறும் அப்படித்தான், பழமாகக் கடித்துச் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் டம்பிங் வரலாம், ஆனால் குறைவு. அவர்களில் பலருக்கு இனிப்பு எந்தத் தொந்தரவும் தராமல் இறங்கிவிடும். எடை மறுபடி ஏற அதுவே ஒரு வழி.

சென்னையிலிருந்து: ஸ்லீவ் செய்த பிறகு ராத்திரி படுத்தால் எதுக்களிக்கிறது. முன்பு இப்படி இல்லை. காரத்தை நிறுத்திவிட்டேன், இன்னும் என்ன செய்வது?

ஸ்லீவுக்கே உரிய பிரச்சினை இது. குழாய் குறுகலானது, உள்ளே அழுத்தம் அதிகம், அமிலம் மேலே ஏற வழி சுலபம். காரத்தைவிட நேரமும் அளவும்தான் முக்கியம். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் விடுங்கள், அந்தச் சாப்பாட்டைச் சின்னதாக்குங்கள், கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். எண்ணெயில் பொரித்தது, காபி, சோடா வேண்டாம். இதையெல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால் அமிலம் குறைக்கும் மாத்திரையை நீங்களே வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருக்காமல் சர்ஜனைப் பாருங்கள். எண்டோஸ்கோப்பி தேவைப்படலாம். அந்த மாத்திரையை நீண்ட நாள் போட்டால் பி12, இரும்பு உறிஞ்சப்படுவதும் குறையும்.

ஈரோட்டிலிருந்து: ஸ்லீவில் குடலைத் தொடவே இல்லையே, எனக்கு எதற்கு வாழ்நாள் முழுக்கச் சத்து மாத்திரை? ஒரு வருடத்தோடு நிறுத்திவிட்டேன்.

தயவுசெய்து மறுபடி தொடங்குங்கள். நிறையப் பேர் நம்பும் தவறான விஷயம் இது. பி12 உடம்பில் சேர இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். அதைச் சுரக்கும் பகுதியில் பெரும்பங்கைத்தான் உங்களுக்கு எடுத்துவிட்டார்கள். அமிலமும் குறைந்திருப்பதால் இரும்பும் சரியாகச் சேராது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்றால் பி12 இன்னும் குறையும். கல்லீரலில் பழைய சேமிப்பு இருப்பதால் ஒன்றிரண்டு வருடம் எதுவும் தெரியாது. அப்புறம் பாதத்தில் மரத்துப்போதல், சோர்வு என்று தொடங்கும்.

ஸ்லீவ், பைபாஸ் இரண்டுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் அளவு: தினமும் மல்டிவைட்டமின், கால்சியம் உணவும் மாத்திரையும் சேர்த்து 1200 முதல் 1500 மில்லிகிராம், வைட்டமின் டி 3000 யூனிட், பி12 தினம் 350 முதல் 1000 மைக்ரோகிராம் மாத்திரை அல்லது மாதம் ஒரு 1000 மைக்ரோகிராம் ஊசி, மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம். கால்சியத்தில் சிட்ரேட் வகை நல்லது, அதற்கு அமிலம் தேவையில்லை. ஒரே வேளையில் 600 மில்லிகிராமுக்கு மேல் உடம்பு வாங்கிக்கொள்ளாது, பிரித்துப் போடுங்கள். இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளியில் போடுங்கள். இரும்பு மாத்திரையோடு டீ, காபி கூடவே கூடாது.

கும்பகோணத்திலிருந்து: சைவம், முட்டையும் கிடையாது. தினம் 60 கிராம் புரதம் என்கிறார்கள். நடக்கிற காரியமா?

நடக்கும், ஆனால் சாம்பாரில் மிதக்கும் பருப்பை நம்பினால் நடக்காது. ஒரு இட்லியில் சுமார் 2 கிராம்தான். 100 கிராம் பனீரில் சுமார் 18, ஒரு டம்ளர் பாலில் 6 முதல் 7, காய்ந்த நிலையில் 25 கிராம் சோயா உருண்டையில் சுமார் 13. தட்டில் முதலில் புரதம், அப்புறம் காய், கடைசியில் இடமிருந்தால் சோறு. காலையில் பனீர் புர்ஜி, மதியம் கெட்டிப் பருப்பும் தயிரும், மாலை சுண்டல், இடையில் ஒரு வேளை வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) என்றால் எட்டிவிடலாம். பைபாஸ் செய்த சிலருக்குப் பால் புதிதாக ஒத்துக்கொள்ளாமல் போகும். அவர்களுக்குத் தயிரும் லாக்டோஸ் இல்லாத பவுடரும்.

துபாயிலிருந்து: எனக்கு சாடி என்ற ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். எடை அதிகம் குறையும் என்கிறார்கள். சாப்பாட்டில் என்ன வித்தியாசம்?

ஸ்லீவும் உண்டு, அதோடு குடலில் பெரும்பகுதியை விலக்கிவிட்டு, கடைசி 250 முதல் 300 சென்டிமீட்டரில் மட்டும் உணவும் செரிமான நீரும் சேரும்படி இணைப்பார்கள். பைலோரஸ் இருப்பதால் டம்பிங் குறைவு. ஆனால் கொழுப்பும் புரதமும் சரியாக உறிஞ்சப்படாது.

இத்தாலிய சர்ஜன் நிக்கோலா ஸ்கோபினாரோ 1970-களில் தொடங்கிய குடல் விலக்கும் முறையின் வழியில் வந்தது இது. எடை நன்றாகக் குறைந்தது, ஆனால் புரதக் குறைபாட்டால் கால் வீங்கி மருத்துவமனைக்குத் திரும்பியவர்களும் அந்த முறையில் இருந்தார்கள். அதனால்தான் உங்களுக்குப் புரதம் 60 போதாது, 90 கிராமையோ அதற்கு மேலோ இலக்காகச் சொல்வார்கள். கால்சியம் 1800 முதல் 2400 மில்லிகிராம். கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே வைட்டமின்கள் தனியாக வேண்டும். பொரித்தது சாப்பிட்டால் துர்நாற்றத்தோடு தளர்வாகப் போகும். ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: வேலைக்காக ஊர் ஊராக மாறுகிறவர், வருடம் ஒரு முறை கூட ரத்தப் பரிசோதனைக்குப் போக மாட்டார் என்றால், இந்த ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் சர்ஜனிடம் இன்னொரு முறை பேசுவது நல்லது.

சிங்கப்பூரிலிருந்து: பல வருடத்துக்கு முன் இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி இறுக்கும் பேண்ட் என்ற வளையம் போட்டார்கள். சப்பாத்தியும் தோசையும் சிக்கிக்கொள்கிறது, ஐஸ்கிரீம் மட்டும் சுகமாக இறங்குகிறது. எடை ஏறுகிறது.

பேண்ட் போட்டவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. பேண்ட் கெட்டியான உணவைத்தான் தடுக்கும், திரவக் கலோரியை விட்டுவிடும். சாப்பாடு சிக்கச் சிக்க, மனிதர்கள் மில்க்‌ஷேக், ஐஸ்கிரீம் பக்கம் போய்விடுகிறார்கள். சிக்குவது அடிக்கடி நடந்தால் பேண்ட் அதிகமாக இறுகியிருக்கலாம், நழுவியிருக்கலாம். முதலில் சர்ஜனைப் பாருங்கள், அந்த வளையத்துக்குள் உள்ள உப்புநீரைக் கொஞ்சம் எடுத்துத் தளர்த்தினால் சரியாகலாம். அதற்குப் பிறகுதான் டயட் பேச்சு. பேண்டில் சத்து உறிஞ்சப்படுவது மாறாது, ஆகவே மாத்திரைத் தேவை உங்களுக்குக் குறைவு.

பெயர் வேண்டாம் என்றவர்: ஸ்லீவ் செய்து ஒன்றரை மாதம். அண்ணனுக்குப் பத்து நாளாக எது சாப்பிட்டாலும் வாந்தி. இரண்டு நாளாக நடக்கும்போது தள்ளாடுகிறான், எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்கிறான். குளுக்கோஸ் ஏற்றினால் போதுமா?

இதைப் படித்ததும் கிளம்புங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். தயமின் என்ற பி1 வைட்டமின் உடம்பில் சில வாரங்களுக்குத்தான் தாங்கும். விடாத வாந்தியில் அது தீர்ந்தால் மூளை பாதிக்கப்படும். தள்ளாட்டமும் இரட்டைப் பார்வையும் அதன் அறிகுறிகள். தயமின் தராமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். அவசரப் பிரிவில் "ஸ்லீவ் ஆபரேஷன் ஆனவர், பத்து நாள் வாந்தி, முதலில் தயமின் வேண்டுமா பாருங்கள்" என்று சொல்லுங்கள். ஸ்லீவ், பைபாஸ், பேண்ட் என்ற பேதம் இதில் இல்லை.

சேலத்திலிருந்து: பைபாஸ் ஆனது. மூட்டுவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடலாமா ஐயா?

பாராசிட்டமால் அளவோடு சரி. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை வேண்டாம், இணைப்பு இடத்தில் புண் வரும். சிகரெட்டும் அதே புண்ணைக் கொண்டுவரும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள். நான் பெண்தான், அக்கா என்றே கூப்பிடலாம்.

திருநெல்வேலியிலிருந்து: பைபாஸ் செய்து ஒன்றே கால் வருடம். இப்போது கர்ப்பம், ஐந்தாம் மாதம். சர்க்கரை டெஸ்டுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள்.

வாழ்த்துகள் தங்கச்சி. பொதுவாகக் கருத்தரிப்பதற்கு முன் 12 முதல் 18 மாதம் காத்திருக்கச் சொல்வோம், உங்களுக்கு அதற்குக் கொஞ்சம் முன்பே கரு உண்டாகியிருக்கிறது. அந்தக் குளுக்கோஸ் தண்ணீர் உங்களுக்கு வேண்டாம். கோயம்புத்தூர்க்காரருக்குப் பாயசம் செய்ததை இது இன்னும் பலமாகச் செய்யும், முடிவும் சரியாக வராது. அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் பார்த்து எழுதித் தரும் முறை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையமோ தனியார் மருத்துவமனையோ, ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். நீங்கள் போடும் மல்டிவைட்டமின் டப்பாவையும் எடுத்துப் போங்கள். வைட்டமின் ஏ ரெட்டினால் வடிவில் இருந்தால் கர்ப்ப காலத்தில் பீட்டா கரோட்டின் வடிவுக்கு மாற்ற வேண்டும். இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம் மூன்றையும் இந்த மாதமே ஒரு முறை ரத்தத்தில் பார்த்துவிடுங்கள்.