கடன் பாக்கியும் செக்யூரிட்டி கிளியரன்ஸும்: 20 நாளில் என்ன பதில் எழுதுவது?

கேள்வி: அமெரிக்கக் குடிமகன் நான். ராணுவ ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் பொறியாளர். வேலைக்கு ‘செக்யூரிட்டி கிளியரன்ஸ்’, அதாவது அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்கும் அனுமதி, தேவை. முன்பு ஓராண்டு வேலை இல்லாதபோது இரண்டு கிரெடிட் கார்டுகளில் 23,000 டாலர் பாக்கி விழுந்தது. வங்கிகள் அதை ‘சார்ஜ் ஆஃப்’ செய்துவிட்டன. இப்போது அந்தக் கடன்களைக் காட்டி, கிளியரன்ஸை ஏன் மறுக்க நினைக்கிறார்கள் என்று சொல்லும் ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் ரீசன்ஸ்’ என்ற அரசுக் கடிதம் வந்திருக்கிறது. தள்ளுபடியான கடனை ஏன் கிளறுகிறார்கள்?

பதில்: தள்ளுபடி ஆகவில்லை என்பதுதான் சிக்கலே. ‘சார்ஜ் ஆஃப்’ என்பது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் நஷ்டமாக எழுதிக்கொள்வது. கடன் உங்கள் தலையில்தான் இருக்கிறது. ஏழு ஆண்டு கழித்து கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து மறைந்தாலும் அதே கதைதான். பழைய கடனுக்கு வழக்குப் போடக் கெடு வைக்கும் காலாவதிச் சட்டம் சிவில் வழக்கில் உங்களைக் காப்பாற்றலாம். ஆனால் காலாவதியைக் காட்டி ஒதுங்குவதை, நல்லெண்ணத்தோடு கடனை அடைக்கும் முயற்சியாக, கிளியரன்ஸ் தீர்ப்புகளை மறுபரிசீலிக்கும் மேல்முறையீட்டு வாரியம் ஏற்பதில்லை.

கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 20 நாளுக்குள் உறுதிமொழியோடு எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் கெடு முடிவதற்குள் அவகாசம் கேளுங்கள். ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியே ‘ஒப்புக்கொள்கிறேன்’ அல்லது ‘மறுக்கிறேன்’ என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாக மறுத்தால் செல்லாது. நேரடி விசாரணை வேண்டுமென்றால் அதையும் இதே பதிலில் கேட்டாக வேண்டும். கேளுங்கள் என்பதே என் யோசனை. காகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், நீதிபதிக்கு எழும் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். சந்தேகம் தீராவிட்டால் தீர்ப்பு தேசப் பாதுகாப்பின் பக்கமே சாயும்.

2017 முதல் நடைமுறையில் உள்ள கிளியரன்ஸ் விதிகளில் பணவிஷயத்துக்கான பிரிவு ‘கைட்லைன் எஃப்’. வேலையிழப்பு, விவாகரத்து, மருத்துவச் செலவு போன்ற கைமீறிய காரணங்களை அது ஏற்கிறது. பலர் அதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சூழலில் பொறுப்போடு நடந்துகொண்டீர்களா என்பது அதே விதியின் மறுபாதி, பெரும்பாலும் சறுக்குவதும் அங்கேதான். வேலைநீக்கக் கடிதம் மட்டும் போதாது. கடன்காரர்களுக்கு எப்போது எழுதினீர்கள், என்ன பதில் வந்தது, மறுபடி சம்பளம் வந்த பிறகு என்ன செய்தீர்கள் என்பதற்கும் சான்று வேண்டும். சம்பளம் வந்து இரண்டு வருடம் சும்மா இருந்திருந்தால், வேலையிழப்பு வாதம் பலவீனமாகிவிடும்.

எல்லாக் கடனையும் ஒரே நாளில் அடைக்க வேண்டியதில்லை. நியாயமான திட்டமும், அதன்படி உண்மையில் பணம் போயிருப்பதும் போதும். ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போகலாம். ‘இனிமேல் கட்டுகிறேன்’ என்ற வாக்குறுதிக்கு மதிப்பு மிகக் குறைவு. எனவே இந்த வாரமே மூன்று நிறுவனங்களின் கிரெடிட் ரிப்போர்ட்டையும் இலவசமாக எடுத்து, கடன் இப்போது யார் கையில் என்று பாருங்கள், விற்கப்பட்டிருக்கலாம். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி, வங்கி வழியாகவே கட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: பல மாநிலங்களில் பழைய கடனுக்குச் சிறு தொகை கட்டினாலே காலாவதிக் கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கும். முதல் தவணைக்கு முன் மாநிலச் சட்டத்தைச் சரிபாருங்கள். குறைந்த தொகைக்குக் கடனை முடித்தால், விட்டுக்கொடுத்த கடனை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 1099-சி படிவம் வரக்கூடும். விட்டுக்கொடுத்த தொகை வரிக் கணக்கில் வருமானமாகலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் வரிப் பாக்கி என்று புதுக் குற்றச்சாட்டு முளைக்கும்.

கிளியரன்ஸுக்காக நீங்கள் நிரப்பிய எஸ்எஃப்-86 படிவத்தின் 26-வது பகுதி, கடந்த ஏழு ஆண்டில் 120 நாளுக்கு மேல் நிலுவையான கடன்களைக் கேட்கிறது. அங்கே ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் உடனே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். தெரிந்தே மறைத்தது, நேர்மையும் நடத்தையும் பற்றிய ‘கைட்லைன் இ’ பிரிவில் வரும், அது கடனைவிட மோசமானது. சார்ஜ் ஆஃப் ஆனதால் கடன் தீர்ந்தது என்று உண்மையாகவே நம்பியிருந்தால் அது பொய்யாகாது. ஆனால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டும்.

விசாரணையில் தோற்றால் தீர்ப்புத் தேதியிலிருந்து 15 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு போய்ச் சேர வேண்டும். அங்கே புதிய ஆவணம் எதையும் வாங்க மாட்டார்கள். ரசீதுகள் எல்லாம் விசாரணை முடிவதற்குள் பதிவில் ஏறியிருக்க வேண்டும்.