கஞ்சாவைப் பற்றி வகுப்பில் உண்மையைச் சொல்லலாமா?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியையாக இருக்கிறேன். போதைப்பொருள் எதிர்ப்பு நாளன்று பதினொன்றாம் வகுப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். "ஒரு தடவை தொட்டால் போதும், வாழ்க்கையே முடிந்தது" என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து, "மிஸ், கனடாவில் கஞ்சாவைக் கடையிலேயே விற்கிறார்களாம். மருந்தாகவும் கொடுக்கிறார்களாம். சரக்கை விட அது பரவாயில்லையாமே?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை, அவனை உட்காரச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் இன்னொரு வகுப்பில் பேச வேண்டும். உள்ளதை உள்ளபடி சொன்னால் நானே தூண்டிவிட்டதுபோல ஆகிவிடாதா? அந்தப் பையனைப் பற்றித் தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டுமா?

– ஓர் ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். அந்தப் பையன் கேட்ட மூன்றிலும் உண்மை இருக்கிறது. "அதெல்லாம் பொய்" என்று சொல்லியிருந்தால், சாயங்காலம் போனில் தேடிப் பார்த்திருப்பான். மிஸ் சொன்னது தப்பு என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதற்கப்புறம் உயிரைப் பறிக்கிற விஷயத்தை நீங்கள் எச்சரித்தாலும் அவன் காதில் ஏறாது. எனக்குப் பயமெல்லாம் அதுதான்.

பயமுறுத்தும் வழியைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு அமெரிக்கா. 1983இல் லாஸ் ஏஞ்சலிஸில் 'டேர்' என்ற திட்டம் தொடங்கியது. போலீஸ்காரர்களே வகுப்புக்கு வந்து, போதையைத் தொடாதே என்று பாடம் எடுத்தார்கள். நாடு முழுக்கப் பரவிய பிறகு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். அந்தப் பாடத்தைக் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காதவர்களுக்கும் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கடைசியில் பாடத்திட்டத்தையே மாற்றினார்கள்.

சரி, பையனுக்கு என்ன பதில்? கனடாவில் 2018 அக்டோபர் முதல் கஞ்சா சட்டப்படி விற்கப்படுகிறது, அது உண்மை. அதே கனடாவில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்றால் 14 ஆண்டுவரை சிறை. கியூபெக் மாகாணத்தில் 21 வயது ஆக வேண்டும். விற்பனையை அனுமதித்த நாடே உங்கள் மாணவனின் வயதுக்காரர்களைத் தள்ளி வைத்திருக்கிறது. இதைச் சொன்னால் அவனே யோசிப்பான். மருந்து என்பதும் சரிதான். கஞ்சாச் செடியில் உள்ள ஒரு பொருளிலிருந்து செய்த மருந்து, குழந்தைகளுக்கு வரும் சில அரிய வலிப்பு நோய்களுக்குக் கொடுக்கப்படுகிறது. அந்தப் பொருள் போதை தராதது. பொட்டலத்தில் வருவதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

மூன்றாவது கேள்விதான் கொஞ்சம் சிக்கல். 2010இல் பிரிட்டனில் டேவிட் நட் என்ற பேராசிரியரும் மற்ற நிபுணர்களும் 20 பொருள்களுக்கு, எடுப்பவருக்கும் சுற்றியிருப்பவர்களுக்கும் அவற்றால் வரும் கேட்டைக் கணக்கிட்டு நூற்றுக்கு மதிப்பெண் போட்டார்கள். மது 72, ஹெராயின் 55, கஞ்சா 20. மது முதலிடத்துக்கு வந்ததற்குக் காரணம், ஊரே அதைக் குடிப்பதும், அடிதடி, விபத்து, குடும்பச் சீரழிவு எல்லாம் சேர்ந்து கணக்கில் வந்ததும்தான். ஒரு பாட்டில் பீர் ஹெராயினை விட மோசம் என்று அதற்கு அர்த்தமில்லை. 20 என்பது பூஜ்யமும் இல்லை. ஆனால் நம் கூட்டங்களில் கஞ்சாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு மதுவை விட்டுவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குடிகார அப்பா உள்ள வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு அந்த மௌனம் நன்றாகவே புரியும்.

கஞ்சாவை ஏன் பிடிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். மனசு லேசாகும், சிரிப்பு வரும், பசிக்கும். அது தெரிந்துதான் நண்பன் கூப்பிடுகிறான். நீங்கள் மறைத்தால் நண்பன் மட்டும் உண்மை பேசுகிறவன் ஆகிவிடுகிறான். அப்புறம் மறுபக்கத்துக்கு வாருங்கள். பிடிப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்ம வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர். ஞாபகமும் கவனமும் குறையும், பன்னிரண்டாம் வகுப்பில் அது எதைக் காவு வாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் ஆபத்து பல மடங்கு. காதில் குரல் கேட்கிறது, எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று வருகிற இளைஞர்களைச் சந்தித்திருக்கிறேன். அந்தப் பெற்றோரின் முகத்தை மறக்க முடியாது. சட்டமும் அவனுக்குத் தெரியட்டும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா பிடித்தால் ஆறு மாதம்வரை சிறை. "இந்தப் பொட்டலத்தை மட்டும் அங்கே கொடுத்துவிட்டு வா" என்று யாராவது அனுப்பினால் அது வேறு பிரிவு, தண்டனையும் அதிகம். பசங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான்.

இதையெல்லாம் விட அதிக நேரம் இரண்டு விஷயங்களுக்குக் கொடுங்கள்.

ஒன்று, பஞ்சர் ஒட்டும் சொலூஷன், ஒயிட்னர், தின்னர் போன்றவற்றை முகர்வது. எட்டாவது படிக்கும் ஒரு பையனை அவன் அம்மா என்னிடம் அழைத்து வந்தார். வாயைச் சுற்றித் தோல் சிவந்து உரிந்திருந்தது, சட்டைப்பையில் விறைத்துப்போன கர்ச்சீப். "இது கஞ்சா இல்லையே சார், சைக்கிள் கடையில் விற்கிறதுதானே" என்றான். பள்ளியில் போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்தவன்தான் அவன். இது போதைப்பொருள் என்று யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களை விடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே பழக்கம் இந்த முகர்தல்: 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம், பெரியவர்களிடம் 0.58. முதல் தடவையிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். கஞ்சாவுக்குச் சொல்ல முடியாத இந்த வாக்கியத்தை இங்கே தயங்காமல் சொல்லலாம்.

இன்னொன்று, வலி மாத்திரை. டாபென்டடால் போன்றவை அபின் வகையைச் சேர்ந்த வேலையைச் செய்பவை. வாயில் வாடை வராது, மருந்துக்கடைச் சரக்கு என்பதால் பயமும் இல்லை. அளவு மீறினால் மூச்சு மெல்ல மெல்லக் குறையும். கூடவே மதுவும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம். கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்பவர்களுக்கு ரத்தக் குழாய் அடைபடலாம், ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவியும் கல்லீரல் அழற்சியும் வரலாம்.

கள்ளத்தனமாக விற்கிற எதிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவனுக்குத் தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் இறந்தது சாராயத்தில் இருந்த மெத்தனாலால்தான். நெதர்லாந்தில் 1992 முதல், வாங்கிய போதை மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தால் அரசு நிதியில் பரிசோதித்துச் சொல்கிறார்கள். 2014 டிசம்பரில் சூப்பர்மேன் முத்திரை போட்ட இளஞ்சிவப்பு மாத்திரையில் கொடிய ரசாயனம் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. உடனே நாடு முழுக்க எச்சரித்தார்கள், அங்கே அதனால் யாரும் சாகவில்லை. சில நாள் கழித்து பிரிட்டனில் அதே மாத்திரைக்கு நான்கு பேர் பலியானார்கள். தகவல் கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்று யாராவது உங்களிடம் வாதிட்டால் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எங்கே கிடைக்கும், எப்படி எடுப்பது, எவ்வளவு எடுத்தால் ஏறும் என்ற பேச்சு வகுப்பில் வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொலூஷனும், உதட்டில் அடக்கும் புகையிலையான கூல் லிப்பும் பற்றிச் சொன்னால் போதும், மற்றதெல்லாம் மேல் வகுப்புக்கு.

கூடப் படிப்பவன் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்பதைச் செய்தே காட்டுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தனியாக விட்டுவிட்டு ஓடக் கூடாது, 108க்குப் போன் பண்ண வேண்டும். மோர், எலுமிச்சைச் சாறு என்று வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். என்ன எடுத்தான் என்பதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. வீட்டில் தெரிந்துவிடும் என்று நண்பர்கள் மறைத்ததால் வீணான நேரம் உயிரை எடுத்திருக்கிறது.

இனி அந்தப் பையன். கேள்வி கேட்டதற்காகத் தலைமையாசிரியரிடம் போகாதீர்கள். கேட்பவனெல்லாம் பிடிப்பவன் இல்லை, அவன் பெயர் ஆசிரியர் அறைக்குப் போனால் அந்தப் பள்ளியில் இனி ஒருவனும் வாய் திறக்க மாட்டான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்றைக்கு நீ கேட்டது நல்ல கேள்வி, எனக்குத் தெரியாததால் உட்காரச் சொன்னேன்" என்று சொல்லுங்கள். பழக்கம் இருப்பதாக அவனே சொன்னால், பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்று அவனோடு சேர்ந்து முடிவு செய்து, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலும் பேசலாம். தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு, பயன்படுத்திய குற்றத்துக்கான வழக்கிலிருந்து விலக்குத் தர அதே சட்டத்தின் 64ஏ பிரிவு இருக்கிறது. பள்ளி வாசலில் யாராவது விற்கிறார்கள் என்று தெரியவந்தால் மட்டும் தலைமையாசிரியரிடமும் போலீஸிடமும் அன்றே சொல்லுங்கள், யார் சொன்னது என்று அவர்களிடம் சொல்லாமல்.