வாடிக்கையாளர் நம் பக்கத்தில் வந்து எல்லார் முன்னாலும் குறை எழுதினால் அங்கேயே பதில் சொல்வதா, இன்பாக்ஸுக்கு அழைப்பதா?

அங்கேயே சொல்லுங்கள். கேள்வியைப் பார்த்தால், நீங்கள் ஏதோ சின்னக் கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறீர்கள், யாரோ காரமாக எழுதிவிட்டார், முதலாளி "அழிச்சிடு" என்று சொல்லிவிட்டார் போலிருக்கிறது. நானும் ஒருமுறை அழித்தவள்தான்.

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் (எங்கள் பாட்டிக்கு இன்னமும் அது பழைய பெயரில் தெலுக் ஆன்சன்) ஒரு தோட்டப் பட்டணத்தில், செம்பனைக் குலை (பாமாயில் எடுக்கும் பழக்குலை) வாங்கும் எடை நிலையத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருக்கிறேன். ஐந்து ஏக்கர், எட்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள் குலையைக் கொண்டு வருவார்கள். நிறுத்து வாங்கி, எல்லாருடையதையும் பெரிய லோரியில் ஒன்றாக ஏற்றி ஆலைக்கு அனுப்புவோம். காலையில் அன்றைய விலையைப் பக்கத்தில் போடுவதும் என் வேலை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு அண்ணன் தன் எடைச் சீட்டைப் படம் பிடித்து விலைப் பதிவுக்குக் கீழே போட்டார். 1,840 கிலோ, கழிவு (காய், நீளத் தண்டு என்று எடையில் குறைப்பது) 8 விழுக்காடு. வழக்கமாக 3தான் கழிப்போம். கூடவே ஒரே வரி: "என் குலையில ஒரு காய் காட்டு பார்ப்போம்."

அழித்தேன். மறுபடியும் போட்டார். இந்தத் தடவை மரியாதையாக, "ஐயா, தங்கள் கருத்துக்கு நன்றி, வாட்ஸ்அப்பில் தொடர்பு கொள்ளவும்" என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: "கழிச்சது ஊருக்கே தெரியுது, காரணம் மட்டும் எனக்குத் தனியாவாம்மா?"

சாயங்காலத்துக்குள் அந்தச் சீட்டு பட்டணத்தில் இருக்கிற எல்லா வாட்ஸ்அப் குழுவையும் சுற்றி வந்துவிட்டது. மறுநாள் ஐந்து லோரி எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த நிலையத்துக்குப் போனதை ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது இதுதான். அதற்கு முந்தின நாள் ஆலையில் எங்கள் லோரியைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். காய் நிறைய, தண்டும் நீளம். குலை பழுத்ததா இல்லையா என்பதற்குப் பழம் உதிர்ந்த குழியை எண்ணுவார்கள்; செம்பனை வாரியத்தின் அளவுப்படி பத்துக் குழியாவது இருக்க வேண்டும், தண்டு 5 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கலந்து போன லோரியில் எது யார் குலை என்று யாருக்குத் தெரியும்? ஆலை எங்களிடம் கழித்ததை, முதலாளி அடுத்த நாள் வந்த எல்லார் தலையிலும் 8 என்று பிரித்துவிட்டார். அந்த அண்ணனுடையது சுத்தமான பழம். சீட்டில் 8 என்று தட்டிய விரல் என்னுடையது.

அதை அப்படியே அவர் எழுதியதற்குக் கீழே எழுதினேன். கூடுதலாகக் கழிந்தது 92 கிலோ, அன்று டன் 700 வெள்ளி (ரிங்கிட்), ஆக 64 வெள்ளி 40 காசு. வந்து வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே, அன்றைக்கு 8 போட்ட மற்றவர்களும் சீட்டைக் கொண்டு வாருங்கள் என்று. முதலாளியிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். பார்த்துவிட்டு, "ஏம்மா, யாவாரத்துக்குத் திறந்தமா, பாவமன்னிப்புக்குத் திறந்தமா?" என்றார். பதினொரு பேர் சீட்டோடு வந்தார்கள். கல்லாவைத் திறந்து எண்ணிக் கொடுத்தது என்னவோ அவர்தான். அப்புறம் அவரே ஒரு வழி செய்தார்: சொந்தக்காரர் நிற்கும்போதே குலையைச் சிமெண்டுத் தரையில் கொட்டி, காயைத் தனியாக ஒதுக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவது.

"எடை நிலையத்துக்குச் சரி, பெரிய கம்பெனிக்கு ஒத்து வருமா" என்று யாராவது கீழே வந்து கேட்பீர்கள், தெரியும். 2010 மார்ச்சில், கிட்கேட்டில் சேரும் செம்பனை எண்ணெய்க்காகக் காடு அழிகிறது என்று கிரீன்பீஸ் என்கிற சுற்றுச்சூழல் அமைப்பு கிளம்பியபோது, நெஸ்லேயின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஜனங்கள் குவிந்தார்கள். பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர், எங்கள் சின்னத்தை மாற்றி முகப்புப் படமாக வைத்து எழுதினால் அழித்துவிடுவோம் என்று எரிந்து விழுந்தார். கூட்டம் இன்னும் கூடியது. பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். மே மாதம் காடழித்து எடுத்த எண்ணெயை வாங்குவதில்லை என்று உறுதியும் கொடுத்தார்கள். 2018இல் யூனிலீவர், தனக்கு எண்ணெய் வரும் ஆலைகளின் பட்டியலையே இணையத்தில் போட்டது. சின்னத் தோட்டக்காரருக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதை மட்டும் எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. சரி, அது வேறு கதை.

எல்லாவற்றையும் வெளியில் கொட்டச் சொல்லவில்லை. அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண்ணையெல்லாம் இன்பாக்ஸில்தான் கேட்க வேண்டும். காரணத்தையும் கணக்கையும் வெளியில் சொல்லுங்கள். விலை கேட்டால்கூட "பிஎம் தெப்பி" (தனியாக இன்பாக்ஸுக்கு வா) என்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இணையத்தில் விற்பவர் முழு விலையைப் போட வேண்டும் என்று 2012இல் வந்த விதிகளே சொல்லிவிட்டன.

கணக்கு என்றதும் இன்னொன்று. எங்கள் கோயில் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் ரசீதுப் புத்தகத்தோடு வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். நானும் கொடுக்கிறேன். "போன வருடக் கணக்கைக் குழுவில் போடலாமே" என்று ஒருநாள் எழுதினேன். தலைவரிடமிருந்து இரண்டு கைகூப்புப் பொம்மை வந்தது. அப்புறம் நாலு பேர் காலை வணக்கம் படம் போட்டு என் கேள்வியை மேலே தள்ளிவிட்டார்கள். கோயிலைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், தீமிதிக்கு விரதம் இருக்கிற வீடு எங்களுடையது. பந்தலுக்கு எவ்வளவு, அன்னதானத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் சாமி குத்தமா?

அந்த அண்ணன் 64 வெள்ளியை வாங்கிக்கொண்டு போனவர், பழத்தை இப்போதும் அடுத்த நிலையத்தில்தான் போடுகிறார். அங்கே டன்னுக்கு ஐந்து வெள்ளி கூடவாம். ஆனால் ஏழரை மணி தாண்டியும் எங்கள் பக்கத்தில் விலை ஏறவில்லை என்றால், "தங்கச்சி, இன்னைக்கு என்னா விலை?" என்று முதலில் வந்து கேட்பவர் அவர்தான்.