நட்பு ஒப்பந்தம் போட்டால் நம்பலாமா?

கேள்வி: 'சிவிலைசேஷன் 6' என்ற, முறை வைத்து நாட்டை வளர்க்கும் கணினி விளையாட்டை விளையாடுகிறேன். பக்கத்து நாட்டோடு நட்பாக இருந்தும் திடீரென்று போர் அறிவித்துவிட்டது. அப்புறம் ஒப்பந்தம் எதற்கு?

பதில்: பெரும்பாலும் காலாவதி ஆகியிருக்கும். நட்பு ஒப்பந்தம், அதாவது நட்புப் பிரகடனம், ஸ்டாண்டர்ட் என்ற வழக்கமான விளையாட்டு வேகத்தில் 30 டர்ன் (ஆட்ட முறை) தான். அதுவரை இருவருமே ஒருவர் மீது ஒருவர் போர் அறிவிக்க முடியாது, விளையாட்டே தடுத்துவிடும். முடிந்ததும் தானாகப் புதுப்பிக்காது. 31வது டர்னில் எல்லையில் படை இல்லாத நகரம் கம்ப்யூட்டர் ஆடும் பக்கத்து நாட்டின் கண்ணில் பட்டால் கதை முடிந்தது. கையெழுத்திட்ட டர்னை ஒரு தாளில் குறித்து வையுங்கள். முடிகிற அன்றே மறுபடி கேளுங்கள்.

உறவு வளர, முதல் சந்திப்பிலேயே 25 தங்கம் கொடுத்துத் தூதுக்குழு அனுப்புங்கள். தாமதித்தால், பிடிக்காத தலைவர் மறுத்துவிடுவார். அந்தத் தலைவர் நட்பாக இருப்பதைக் காட்டும் சிரித்த முகம் மட்டும் போதாது. பிரகடனம் கையெழுத்தாகவில்லை என்றால் போருக்குத் தடையே இல்லை.

கூட்டணி வேறு விஷயம். 'ரைஸ் அண்ட் ஃபால்' என்ற கூடுதல் தொகுப்பில் ஐந்து வகை உண்டு. ஒவ்வொரு வகையிலும் ஒருவரோடு மட்டும்தான். முதலில் நட்புப் பிரகடனம் வேண்டும், இருவரிடமும் 'சிவில் சர்வீஸ்' என்ற குடிமை (விளையாட்டில் கற்றுக்கொள்ளும் சமூக முன்னேற்றம்) இருக்க வேண்டும். ராணுவக் கூட்டணியில் பொது எதிரியோடு மோதும்போது +5 பலம் கிடைக்கும். ஆனால் நீங்கள் படையெடுக்கத் திட்டமிடும் நாட்டோடு மட்டும் நட்பு வைக்காதீர்கள், அந்த 30 டர்ன் உங்கள் கையையும் கட்டிவிடும். தோற்கிற போரில் சமாதானம் கிடைத்தால், மறுபடி போர் அறிவிக்க முடியாத அந்த 10 டர்னில் மதில் கட்டிவிடுங்கள்.